குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் பாதுகாப்பைப் பேணும் முறை

சிறிய கிளினிக்கில் பாதுகாப்பு கைகளிலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும், மருத்துவரும் செவிலியரும் ஆல்கஹால் சானிடைசரை 20 முதல் 30 விநாடிகள் வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால் சோப்பு போட்டுக் கழுவுவதே சரியானது. கையுறை இதற்கு மாற்றாகாது.

தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் கூடுதல் கவனம் தேவை என்பது என் கருத்து. வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருப்பதைக் காலையிலும் மாலையிலும் பார்த்து, நேரத்துடன் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கதவுத் தட்டில் தடுப்பூசி வைக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் அங்கே வெப்பநிலை ஏறி இறங்குகிறது. உணவுப் பொருள்களுக்கும் அதில் இடமில்லை. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே வீரியத்தை இழக்கின்றன; பார்வைக்கு அது தெரியாமலும் போகலாம் என்பதால், சந்தேகம் எழுந்தவற்றைத் தனியே ஒதுக்கி வைத்து, பயன்படுத்தலாமா என்பதை வழங்கியவர்களிடம் கேட்டறிய வேண்டும்.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், ஊசி துளைக்காத பெட்டியில் உடனே போட வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் அதை அடைத்து அகற்ற வேண்டும். ஊசி போடுவதற்கு முன், நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவரையே சொல்லச் செய்து, பதிவோடு ஒப்பிட வேண்டும்.