50 ஆயிரத்துக்குள் லேப்டாப்: காசை வீணாக்கும் தவறுகள்

ஜூன் பிறந்தால் எங்கள் சர்வீஸ் கடைக்கு ரிப்பேருக்கு வருபவர்களைவிட யோசனை கேட்டு வருபவர்கள் அதிகம். பிள்ளைக்குக் கல்லூரியில் சீட் கிடைத்திருக்கும். லேப்டாப்புக்கு ஐம்பதாயிரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன்பே வந்து கேட்பவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். வாங்கிவிட்டு வருபவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்காது. நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகளை, ஒன்றுகூடக் குறையாமல், இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பில் வாங்குங்கள், நாலு கடையில் விலை விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த வேலைக்கு என்று தெரியாமல் கடைக்குப் போவது

‘படிப்புக்கு’ என்று சொன்னால் கடைக்காரருக்கு எதுவும் புரியாது. தன்னிடம் ஸ்டாக் இருப்பதை எடுத்துக் காட்டுவார். பி.காம் மாணவருக்கு டேலியும் எக்செலும் ஓடினால் போதும். 8 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) உள்ள சுமாரான மெஷினே தாராளம். ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைக்கு ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்லும் ஆரம்ப ரேம் அளவு 16 ஜிபி. செல்போன் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரோடு (கணினிக்குள்ளேயே ஓடும் போலி செல்போன்) வேலை செய்யவும் 16 ஜிபி கேட்கிறார்கள். மெக்கானிக்கல் என்றால் சாலிட்வொர்க்ஸ் என்ற இயந்திர வடிவமைப்பு மென்பொருள் வரும். அதற்கு மேக் பதிப்பே கிடையாது, ஆகவே மேக்புக் ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சீனியர் ஒருவரிடம் கேட்டால் நான்கு வருடத்துக்கும் தேவைப்படும் மென்பொருள்களின் பெயர்கள் கிடைத்துவிடும். ஒவ்வொன்றின் தளத்திலும் கணினிக்கு என்ன தகுதி வேண்டும் என்று தனிப் பக்கமே இருக்கும். அரை மணி நேர வேலை. அதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ரேமை ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று நம்புவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருடம். மெலிதான, பார்க்க லட்சணமான லேப்டாப், 8 ஜிபி. வாங்கும்போதே, “இப்போதைக்கு இது போதும், தேவைப்பட்டா இன்னொரு 8 ஜிபி போட்டுக்கலாம்” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ரெவிட்டில் ஒரு மாடலைத் திறந்து, பக்கத்தில் பிரவுசரையும் திறந்தால் மவுஸ் அம்பே நகரவில்லை. ரேம் போட வந்திருக்கிறார்கள்.

அடி மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து, கிளிப் கிளிப்பாக விடுவித்தோம். பேட்டரி, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் தெரிந்தன. ரேமைச் செருகும் ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகர மூடி. அதை நெம்பி எடுத்தால் உள்ளே நான்கு கறுப்பு சிப்புகள், போர்டோடு சேர்த்து சாலிடர் செய்யப்பட்டிருந்தன, அதாவது பற்றவைத்து ஒட்டப்பட்டிருந்தன. ஸ்லாட் என்று ஒன்று இல்லவே இல்லை.

“தம்பி, அந்த சிப்பையே மாத்திட முடியாதா?” என்று அப்பா கேட்டார். முடியும் என்று சொல்லிக் காசு வாங்க ஆள் இருக்கிறார்கள். போர்டைச் சூடாக்கி சிப்பை எடுத்து, பொருத்தமான சிப்பைத் தேடி வைத்து, பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது பிசகினால் மதர்போர்டே போய்விடும், வாரண்டியும் போய்விடும். “வேண்டாம் ஐயா” என்றுதான் சொன்னேன். அந்த லேப்டாப்புக்கு இஎம்ஐ இன்னும் முடியவில்லை. விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று விசாரித்தால் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

சாலிடர் செய்த ரேம் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. எல்பிடிடிஆர் (LPDDR) என்ற வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் ஓடும், பேட்டரி தாங்கும், லேப்டாப்பும் மெலிதாகும். அதுவே 16 ஜிபி என்றால் தயங்காமல் வாங்குங்கள். 8 ஜிபியாக சாலிடர் செய்து, கூடுதல் ஸ்லாட்டும் இல்லாமல் வருவதுதான் ஆபத்து. அந்த 8-ம் முழுசாகக் கைக்கு வராது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான வேலைக்கும் இதே ரேமிலிருந்துதான் பங்கு போகிறது. சில மெஷின்களில் விண்டோஸே ‘8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 5.8’ என்கிற மாதிரி காட்டும். அதில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்ததுபோக ரெவிட்டுக்கு என்ன மிஞ்சும்?

வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று இடத்தில் பாருங்கள்.

ரேம் வகையின் பெயரில் டிடிஆருக்கு முன்னால் ‘எல்பி’ இருந்தால், நம் பட்ஜெட்டில் கிடைக்கும் லேப்டாப்களைப் பொறுத்தவரை, சாலிடர் செய்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை. 8 ஜிபி போர்டிலேயே இருந்து, ஒரு ஸ்லாட் காலியாக வரும் மாடல்களும் உண்டு. பட்ஜெட்டுக்கு அவை நல்ல தேர்வு.

அடுத்து, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் உள்ள முழு மாடல் எண். ஒரே பெயரில் பத்து வகை விற்கிறார்கள். அதில் ஒன்றுக்கு ஸ்லாட் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. பெயரை மட்டும் வைத்து யூடியூப் விமர்சனம் பார்த்துப் பயனில்லை. லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் (PSREF) என்ற தளத்தில் மாடல் வாரியாக எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு ரேம் என்று எழுதியிருப்பார்கள். எச்பி மாடல்களுக்குப் பராமரிப்புக் கையேடு பிடிஎஃப்பாகக் கிடைக்கும்.

கடையில் டெமோ பீஸ் இருந்தால் இன்னும் சுலபம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘சோடிம்’ (SODIMM) என்று வந்தால் கழற்றி மாட்டும் ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் சாலிடர். அதன் பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட் என்று ஒரு கணக்கு காட்டும். சாலிடர் ரேம் விஷயத்தில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ என்ற பிராசசர் எல்பிடிடிஆர்5 ரேமோடு மட்டும்தான் வேலை செய்யும், ஆகவே அது இருந்தால் ரேம் சாலிடர் என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் 7530யூ-வுக்கும் எண்ணில் பத்துதான் வித்தியாசம். ஆனால் 7520யூ 2019-இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, 4 கோர் (கணக்கு போடும் உள் அலகு). 7530யூ அடுத்த தலைமுறையான ஸென் 3, 6 கோர். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். முதல் இலக்கத்தைப் பார்த்துப் புதுசு என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம்.

ஸ்லாட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தேவை 16 என்று தெரிந்தால் இப்போதே 16 ஆக வாங்கிவிடுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதைப் பார்த்தோம். அப்புறம் வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் என்று இப்போது யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஐ7 என்ற எழுத்துக்குக் காசு கொடுப்பது

இன்டெல் ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் அதே 2 பெரிய கோர், 8 சின்ன கோர். வேகத்தில் சிறு வித்தியாசம் உண்டு. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ரேமுக்குச் செலவிடலாம். அதேபோல, மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ7 ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சீராக்கி விற்கும்) மெஷின் வாங்குகிறார்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ரீஃபர்பிஷ்டு தப்பில்லை, தலைமுறையைப் பார்த்து வாங்குங்கள்.

திரையைப் பார்க்காமல் வாங்குவது

‘ஃபுல் எச்டி’ என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவில் ‘45% என்டிஎஸ்சி’ (NTSC) என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித்தான் தெரியும். செல்போனில் உள்ள ஒரு குங்குமச் சிவப்புப் புடவைப் படத்தை அந்தத் திரையிலும் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், செங்கல் நிறமாகத் தெரியும். கோடிங்குக்கு ஓகே. டிசைன், விஷுவல் கம்யூனிகேஷன் படிப்புக்கு வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். நிறம் அடியோடு மாறினால் அது டிஎன் (TN) வகைத் திரை, பக்கவாட்டிலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் (IPS) வகை கேளுங்கள்.

இஎம்எம்சி (eMMC) ஸ்டோரேஜ்: எஸ்எஸ்டிக்குப் பதிலாக வரும் மெதுவான சேமிப்பகம்

வேண்டாம்.

தேவையில்லாமல் கேமிங் லேப்டாப்

கேமும் 3டி வேலையும் இல்லையென்றால் கனமும் பெரிய சார்ஜரும்தான் மிச்சம். ஹாஸ்டலிலிருந்து தினமும் சுமக்கப்போவது உங்கள் பிள்ளை.

வாரண்டி தேதியைப் பார்க்காதது

வாங்கிய அன்றே சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். டெமோவுக்கு வைத்திருந்த பீஸாக இருந்தால் சில மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கும். பில் தேதியோடு ஒத்துப்போகவில்லை என்றால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு, பக்கத்துப் பெரிய ஊர் வரை இரண்டு நடை பஸ்ஸில் போய் வருவதா வேண்டாமா என்பதை இதுதான் முடிவு செய்யும். கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் சாதாரண வாரண்டியில் வராது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு விபத்துப் பாதுகாப்புத் திட்டத்தைத் தனியாகச் சேர்த்து வாங்குவதை நான் செலவாகவே நினைப்பதில்லை. அதைப் பெரும்பாலும் வாங்கிய புதிதில்தான் சேர்க்க முடியும், கெடு எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேளுங்கள்.