சூடானால் நின்றுவிடும் புல்லட்

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து உதிரிபாகங்களாக வந்து சென்னையில் பூட்டத் தொடங்கிய அதே 350 புல்லட் வம்சம்தான் தாத்தாவின் வண்டி. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்), அந்த நீள ஸ்ட்ரோக் தரும் இழுவைக்கு ஈடே இல்லை.

ஆனால் இன்ஜின் சூடேறியதும் நின்றுவிடும். எல்லாரும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கைகாட்டினார்கள். பாயின்ட் (பற்றவைப்பு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் இரு முனைகள்) மூடியைக் கழற்றி, இருட்டில் கிக்கரை மிதித்தேன். முனைகளுக்கு நடுவே மஞ்சளாய்ப் பெரிய பொறி. ஒரு முனையில் குழி, எதிர்முனையில் மேடு. முனைகளில் பொறி பறக்காமல் அடக்கும் கண்டன்சர் போயிருக்கிறது! புதியதைப் போட்டு, முனைகளைத் தேய்த்து, இடைவெளியை 0.38 மி.மீ. வைத்தேன். நின்றுபோவது நின்றது.

கிளப்பும்போது ஆம்ப்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதியுங்கள். பிறகு டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லிவர்) பிடித்துக்கொண்டு கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, லிவரை விட்டுவிட்டு முழு மிதி.