டிரம் சாண்டரில் உப்புத்தாள் மாற்றும்போது

டிரம் சாண்டர் என்பது உப்புத்தாள் சுற்றிய உருளை (டிரம்) சுழன்று மரப்பலகையைத் தேய்க்கும் இயந்திரம். தாள் மாற்ற, முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, விரல்கள் டிரம்முக்குள் போய்வர வேண்டிய வேலை இது.

பழைய தாளைக் கிழிக்காமல் கழற்றுங்கள், புதியதை வெட்ட அதுதான் உங்கள் அளவு மாதிரி. இரு முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தாள் டிரம்மைச் சுற்றி ஏறும் கோணம் அந்தச் சாய்வைப் பொறுத்தது. ரோலில் வாங்கி நீங்களே வெட்டுவதானால், பழையது, புதியது இரண்டையும் முதுகுப்பக்கம் (சொரசொரப்பில்லாத பக்கம்) மேலே வருமாறு வைத்து வரையுங்கள். ஒன்று மாறிக் கிடந்தாலும் சாய்வு எதிர்த்திசையில் அமைந்து தாள் வீணாகிவிடும். துணி முதுகுள்ள தாளே நல்லது, சீக்கிரம் கிழியாது.

டிரம்மில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு, ஒரு முனையைக் கிளிப்பில் மாட்டி, இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு சுற்றின் விளிம்பு அடுத்த சுற்றின் மேல் ஏறவே கூடாது. ஏறினால் அந்த இடம் மேடாகி, பலகையில் நீளமாகக் கோடு விழும், மரமும் கருகும். மயிரிழை இடைவெளி விழுந்தால் பரவாயில்லை.

மறுமுனையை ஸ்பிரிங் கிளிப்பில் மாட்டும்போது, அது இன்னும் கொஞ்சம் இழுக்க இடம் விடுங்கள். ஓடி சூடானதும் தாள் தளரும், அந்தத் தளர்வை ஸ்பிரிங்தான் வாங்கிக்கொள்ளும். சில நிமிடம் ஓட்டிய பிறகு, மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

அப்புறம், தாளின் நம்பர் (சொரசொரப்பின் அளவு) மாறினால் கனமும் மாறும். 80-லிருந்து 150-க்குப் போனால் டிரம்மின் உயரத்தையும் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள்.