இமாட்டினிப் உட்கார்ந்த இடத்தைப் படிப்பது எப்படி

கைனேஸ் (புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) மருந்து வடிவமைப்பு கற்க வருபவர்களிடம் நான் முதலில், மருந்து புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் டாக்கிங் மென்பொருளைத் தருவதில்லை. புரதத் தரவு வங்கியிலிருந்து 1ஐஈபி கோப்பை இறக்கி, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் திறக்கச் சொல்வேன். ஏபிஎல் கைனேஸும் அதைத் தடுக்கும் இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிபும் சேர்ந்த படிக அமைப்பு அது. (தண்ணீர் மூலக்கூறுகளை உடனே அழித்துவிடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.)

கைனேஸின் இரண்டு மடல்களுக்கு (இரு பெரிய பாதிகள்) நடுவே உள்ள கீல் பகுதியைத் தேடுங்கள். கைனேஸுக்குப் பாஸ்பேட் தரும் ஏடிபியின் அடினைன் பற்றிக்கொள்ளும் இடம். அங்கே இமாட்டினிபின் பிரிடின் நைட்ரஜன், மெத்தியோனின் 318-உடன் (318ஆவது அமினோ அமிலம்) ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டிருக்கும். பெரும்பாலான கைனேஸ் தடுப்பான்கள் கீலைப் பிடிப்பவைதான். ஆகவே இதை மட்டும் நம்பினால் வேறு கைனேஸ்களையும் சேர்த்தே தடுப்பீர்கள்.

அடுத்து டிஎஃப்ஜி: அஸ்பார்டிக் அமிலம், ஃபினைல்அலனின், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசை. இங்கே நிதானம் வேண்டும். ஃபினைல்அலனின் இடம் மாறிப் புரண்டிருப்பதால் பின்புறம் ஒரு குழி திறந்திருக்கும். மருந்தின் மறுபாதி அதற்குள் நுழைகிறது. டசாட்டினிப் என்ற இன்னொரு ஏபிஎல் தடுப்பான் உள்ள 2ஜிக்யூஜி கோப்பை இதன்மேல் பொருத்திப் பாருங்கள்: டிஎஃப்ஜி உள்நோக்கி இருக்கும், அந்தக் குழி இருக்காது.

பிறகு, பின்புறக் குழிக்குப் போகும் வழியில் நிற்கும் வாயிற்காப்பான் அமினோ அமிலம், த்ரியோனின் 315. இது ஐசோலூசினாக மாறினால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போகும், பக்கக்கிளையும் இடிக்கும். இமாட்டினிப், டசாட்டினிப் இரண்டும் தோற்கும். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பொனாட்டினிபில் அவ்விடத்தில் மெல்லிய முப்பிணைப்பை வைத்தார்கள். எனக்கு மிகப் பிடித்த தீர்வு. உங்கள் மூலக்கூறையும் ஐசோலூசினோடு ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டே வேதியியலாளரிடம் அனுப்புங்கள்.