பூங்காவில் வெயில் பார்க்கப் பழகியது

நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் வேலை. இரவில் தூக்கம் வராது, காலையில் எரிச்சல். எனக்குக் கைகொடுத்தது சென்னையில் லஸ் பக்கத்தில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா. நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு முன்னால் போய், செல்போனைப் பையில் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன், அவ்வளவுதான்.

மரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சப் புள்ளிகள் கிடக்கும். இலை இடுக்கு சின்னதாக இருந்தால், அது எந்த வடிவமானாலும் புள்ளி வட்டம்தான். ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். சூரிய கிரகணத்தின்போது இவை பிறையாகிவிடும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். காற்றில் அசையும் புள்ளி ஒன்றைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தால், மனத்தில் ஓடும் அலுவலகக் கணக்கு தானாக அடங்குகிறது. மூச்சை எண்ணுவதைவிட எனக்கு இதுதான் எளிது.

அப்புறம் தூக்கமும் சரியானது. காலை வெளிச்சம் கண் வழியாக மூளையிலுள்ள, தூங்கும் விழிக்கும் நேரத்தை நடத்தும் உயிர்க்கடிகாரத்தைத் திருத்துகிறது. மேகம் மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் அலுவலக அறையைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் வெயில் இல்லையென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் இன்னும் சீக்கிரமே போய்விடுங்கள்.