ஃப்ளை ஹாஃபின் தவறா, ஆட்டத் திட்டத்தின் தவறா? தீர்ப்புச் சொல்லும்போது தவிர்க்க வேண்டியவை

ரக்பியில் ஓர் அணி தோற்றதும் பழி பெரும்பாலும் இரண்டே இடங்களில் விழுகிறது: 10ஆம் எண் சட்டை அணிந்து அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஃப்ளை ஹாஃப் மீது, அல்லது பயிற்சியாளரின் ஆட்டத் திட்டம் மீது. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது எளிது. ஆனால் ஃப்ளை ஹாஃப் பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் எழுகின்றன. அவர் கைக்கு எப்படிப்பட்ட பந்து வந்தது? மைதானத்தின் அந்தப் பகுதியில் என்ன செய்ய வேண்டும் என்று அணி முன்பே முடிவு செய்திருந்தது? அவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? அதைச் சரியாகச் செய்து முடித்தாரா? முதல் இரண்டுக்கும் அவரைத் தண்டிப்பது அநியாயம். கடைசி இரண்டிலிருந்து அவரைத் தப்பவிடுவதும் அநியாயம்தான்.

புள்ளிகளை எண்ணி மதிப்பெண் போடுவது

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32-12 என்று வென்றது. அதில் தென்னாப்பிரிக்க ஃப்ளை ஹாஃப் ஹான்ட்ரே பொலார்ட் அடித்தது 22 புள்ளிகள்: 6 பெனால்டி (எதிரணியின் விதிமீறலுக்குக் கிடைக்கும் உதை), 2 கன்வர்ஷன் (கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்குப் பிறகு கிடைக்கும் உதை). எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை பொலார்டின் ஆட்டம் என்பார். அந்தப் பெனால்டிகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பவருக்கு, இரு அணிகளின் ஃபார்வர்டுகளும் (முன்னணி வீரர்கள்) பிணைந்து நின்று தள்ளும் ஸ்க்ரம் கண்ணில் படும். ஸ்க்ரம் முன்வரிசையின் வலப்பக்கத்தில் நிற்கும் இங்கிலாந்தின் டைட்ஹெட் ப்ராப் கைல் சின்க்லர் தொடக்க நிமிடங்களிலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்க முன்வரிசை ஸ்க்ரமில் மீண்டும் மீண்டும் பெனால்டி பெற்றுத் தந்தது. பொலார்ட் தன் பங்கைக் குறைவின்றிச் செய்தார். ஆனாலும் 22 என்ற எண்ணுக்குள் முன்வரிசையின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

கோல் உதையின் சதவீதமும் இப்படித்தான் ஏமாற்றும். கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 5.6 மீட்டர். கம்பங்களுக்கு நேர் எதிரே 22 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு இலக்கு ஏறத்தாழ 14 டிகிரி விரிந்திருக்கும். அதே 22 மீட்டர் கோட்டில், பக்கவாட்டு எல்லையான டச் கோட்டிலிருந்து 5 மீட்டர் உள்ளே நிற்பவருக்குத் தூரம் 37 மீட்டர் ஆகிறது. இலக்கு ஏறத்தாழ 5 டிகிரியாகச் சுருங்குகிறது. மூலைகளில் ட்ரை அடிக்கும் அணியின் உதைப்பாளர் 65 சதவீதத்தில் இருப்பதும், நடுவில் பெனால்டி வாங்கும் அணியின் உதைப்பாளர் 85 சதவீதத்தில் இருப்பதும் ஒரே தராசில் வைக்க வேண்டியவை அல்ல.

ரக்கிலிருந்து பந்து வந்த வேகத்தைக் கவனிக்காமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டாக்கிளில் வீழ்த்தப்பட்டவரிடமிருந்து பந்தைப் பெற இரு அணியினரும் மேலே நின்று தள்ளிக்கொள்ளும் இடமே ரக். டாக்கிள் ஆன வீரர் தரையைத் தொட்டதிலிருந்து, ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் அதைக் கையில் எடுக்கும் வரை எண்ணிப் பாருங்கள். 3 விநாடிக்குள் வந்தால் அது வேகமான பந்து. தற்காப்பு வரிசை இன்னும் பின்வாங்கிக்கொண்டிருக்கும். ஃப்ளை ஹாஃபுக்கு நிமிர்ந்து பார்க்கவும் பாஸ், ஓட்டம், உதை மூன்றையும் கையில் வைத்திருக்கவும் நேரம் கிடைக்கும். 6 விநாடியைத் தாண்டினால் எதிரணி வரிசை முழுதாக அமைந்து, வேகமெடுத்து மேலே வரக் காத்திருக்கும். அந்தப் பந்தைப் பெற்ற எந்த 10ஆம் எண்ணும் மந்தமாகத்தான் தெரிவார்.

அவர் நிற்கும் இடத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ‘ரொம்பப் பின்னால் நிற்கிறார்’ என்பது அடிக்கடி கேட்கும் புகார். வேகமான பந்து வரும்போதும் 8, 10 மீட்டர் பின்னால் நின்றால் புகார் சரி; தற்காப்பாளர்கள் அவரை விட்டுவிட்டு வெளியே நகர்ந்துவிடுவார்கள், அவரைப் பார்த்து யாரும் தயங்கி நிற்க மாட்டார்கள். மெதுவான பந்தில் முன்னால் நின்றால் பந்தும் டாக்கிளும் ஒன்றாகவே வந்து சேரும். அங்கே பின்னால் நிற்பதே அறிவு. ஃபார்வர்டுகள் ஒவ்வொரு முட்டலிலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்றால் குறை திட்டத்திலும் இல்லை, ஃப்ளை ஹாஃபிடமும் இல்லை. முட்டுபவர்களிடமும் ரக்கைச் சுத்தம் செய்ய வருபவர்களிடமும் இருக்கிறது. ‘யாருடைய தவறு’ என்ற விவாதத்தில் இந்த மூன்றாவது விடை ஏனோ வருவதே இல்லை.

உதையைக் கண்டாலே குறை சொல்வது

முதலில், உதைத்தது யார்? ரக்கின் அடியிலிருந்து மேலே தூக்கி அடிக்கும் பாக்ஸ் கிக் ஸ்க்ரம் ஹாஃபின் வேலை. அந்த உதைகளின் கணக்கும் 10ஆம் எண்ணின் தலையில் விழுவது வழக்கமாகிவிட்டது.

அடுத்து, அது திட்டமிட்ட உதையா? ஓரத்தில் நிற்கும் விங்கரைப் பாருங்கள். கால் பந்தில் படும் கணத்திலேயே அவர் உதைப்பவருக்குப் பின்னாலிருந்து வேகமெடுத்துவிட்டால் உதை முன்பே சொல்லப்பட்டது. எல்லோரும் நின்ற இடத்தில் திகைத்து, பிறகு ஓடினால் ஃப்ளை ஹாஃப் தனியாக முடிவெடுத்திருக்கிறார். அதே பகுதியிலிருந்து அதே வகை உதை மூன்று, நான்கு முறை வந்தாலும், மாற்றாக இறங்கியவரும் அதையே செய்தாலும் அது திட்டம்.

திட்டம் திட்டமாகவே இருந்தாலும், செய்து முடித்த விதத்தைத் தனியே அளக்கலாம். துரத்துபவர் விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொண்டால், 4 விநாடி காற்றில் நிற்கும் பந்துக்கு அவர் 28 மீட்டர் எட்டுவார். ஆக 25 முதல் 30 மீட்டர் வரை விழும் உயரப் பந்தைப் போட்டியிட்டுப் பிடிக்கலாம். அதே 4 விநாடியில் 45 மீட்டர் போய் விழுந்தால் பின்னால் காவல் நிற்கும் எதிரணி ஃபுல்பேக் சாவகாசமாகப் பிடித்து, நிமிர்ந்து, திரும்ப ஓடி வருவார். தொலைக்காட்சியில் அந்த நீள உதைதான் அழகாகத் தெரியும்.

உதையின் பலன் உடனே தெரியாமலும் போகலாம். 50:22 விதிப்படி, சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு, எதிரணியின் 22 மீட்டர் பகுதிக்குள் டச் கோட்டைத் தாண்டி வெளியேறினால் லைன்அவுட் (வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) உதைத்த அணிக்கே. இரண்டு முறை முயன்று தவறினாலும், மூன்றாம் முறை எதிரணி விங்கர் பின்னால் நகர்ந்து நிற்பார். முன்னால் நிற்கும் தற்காப்பு வரிசையில் ஓர் ஆள் குறைவார். அந்த இடைவெளியில் 50ஆம் நிமிடம் யாரோ ஓடும்போது, 15ஆம் நிமிட உதையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

திட்டத்தின் பின்னால் அவரை ஒளித்துவைப்பது

எதிர்ப்பக்கத் தவறும் இதே அளவு பரவியிருக்கிறது. பிடித்தமான ஆட்டக்காரர் என்றால் எல்லாப் பழியும் பயிற்சியாளருக்கு. எந்தத் திட்டமும் சொல்லித்தராத தவறுகள் சில உண்டு: பெனால்டியிலிருந்து டச்சுக்கு உதைத்த பந்து வெளியே போகாமல் உள்ளேயே விழுவது, ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் ரீஸ்டார்ட் உதை 10 மீட்டர் எட்டாமலோ, நேராக வெளியே போயோ நடுப்புள்ளியில் ஸ்க்ரம் கேட்கும் வாய்ப்பை எதிரணிக்குக் கொடுப்பது, தரையில் உருட்டி உதைக்கும் கிரப்பர், கோல் கோட்டுக்குப் பின்னுள்ள இன்-கோலைத் தாண்டிச் சென்று, உதைத்த இடத்துக்கே ஸ்க்ரம் திரும்புவது, ஓடி வருபவரின் முன்னால் போக வேண்டிய பாஸ் அவர் தோளுக்குப் பின்னால் போவது. இவை முழுக்க அவருடையவை.

வெளியே 4 பேருக்கு எதிராக 2 தற்காப்பாளர்கள் மட்டும் இருக்கும்போது, வேகமான பந்து கையில் இருந்தும் அவர் உள்பக்கம் திரும்பினால் அதுவும் அவருடையதே. ஒருமுறை நடந்தால் பார்க்கத் தவறினார் எனலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் தொடர்ந்தால் திறமைக் குறை.

முடிவு தப்பினால் தேர்வும் தப்பு என்று எண்ணுவது

பெனால்டியை உடனே கொடுக்காமல் ஆட்டத்தைத் தொடரவிடும் அட்வான்டேஜைக் காட்டி நடுவர் கை நீட்டியிருக்கும்போது குறுக்கே அடித்த உதை வீணானால் நஷ்டமே இல்லை. ஆட்டம் பெனால்டிக்குத் திரும்பும். அதைத் தவறுகளின் பட்டியலில் சேர்ப்பவர்கள் நடுவரின் கையைப் பார்க்கவில்லை என்றே பொருள்.

2023 உலகக் கோப்பை அரையிறுதியில் ஃப்ளை ஹாஃப் ஓவன் ஃபாரல் 4 பெனால்டி, 1 ட்ராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைப்பது) என்று இங்கிலாந்தின் 15 புள்ளிகளையும் அடித்தார். மழையில் உயரப் பந்துகளை நம்பிய அந்தத் திட்டம் ஆட்டத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவைத் திணறடித்தது. கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்தின் ஸ்க்ரம் உடைந்தது. 16-15 என்று தோற்றார்கள். ஃபாரலையோ திட்டத்தையோ குற்றவாளியாக்க அந்த ஒரு புள்ளி போதாது.

அதே ஆட்டத்தில் முதல் பாதி முடியும் முன்பே தென்னாப்பிரிக்கா தன் ஃப்ளை ஹாஃப் மானி லிபாக்கை எடுத்துவிட்டு பொலார்டை இறக்கியது. வென்ற பெனால்டியை உதைத்தது பொலார்ட்தான். ஆனால் கடைசி 20 நிமிடத்தில் களைத்த தற்காப்பையும் புதிய முன்வரிசையின் ஸ்க்ரமையும் பெற்றவரை, முதல் 30 நிமிடத்தின் புத்துணர்ச்சியான தற்காப்பைச் சந்தித்தவரோடு அப்படியே ஒப்பிட முடியாது.

ஆட்டத்தை மறுபடி பார்க்க முடிந்தால் ஒரு தாளில் ஐந்து நெடுவரிசைகள் போதும்: மைதானத்தின் எந்தப் பகுதி, ரக் எத்தனை விநாடி, அவர் எவ்வளவு பின்னால் நின்றார், என்ன தேர்ந்தெடுத்தார், சரியாகச் செய்தாரா. விளைவை எழுதாதீர்கள், எழுதினால் மற்றவற்றை அது வளைத்துவிடும். 20 தொடுதல்களுக்குப் பிறகு, மெதுவான பந்துகளைத் தனியே பிரித்து, மிச்சத்தை மட்டும் வைத்து அவரை மதிப்பிடுங்கள். மெதுவான பந்துகளே பாதிக்கு மேல் என்றால், அடுத்து ஃபார்வர்டுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

தற்காப்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எதிரணியின் பெரிய ஃபார்வர்டுகள் வேண்டுமென்றே 10ஆம் எண்ணை நோக்கி ஓடுவார்கள். தவறவிட்ட டாக்கிள்களை எண்ணும் முன், உள்பக்கத்திலிருந்து ஃப்ளாங்கர் (ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டு) வந்து சேர்ந்தாரா என்று பாருங்கள். வந்திருக்க வேண்டியவர் வராததால் ஓட்டக்காரர் உள்தோளைக் கடந்து போயிருந்தால் அது அமைப்பின் ஓட்டை. நேருக்கு நேர் நின்று, எட்டும் தூரத்தில் இருந்தும் கைகளை மட்டும் நீட்டித் தோளைக் கொடுக்காமல் விட்டிருந்தால், அது ஃப்ளை ஹாஃபின் கணக்கு.