தேசியப் பூங்காக்களில் 911: மேம்படுத்தும்போது செய்யக் கூடாத தவறுகள்

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 911 என்ற அவசர அழைப்பு அமைப்பைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தாலே கூட்டத்தில் முதலில் மேசைக்கு வருவது கருவிப் பட்டியல்தான். புது சர்வர், புது திரைகள், புது மென்பொருள். நெக்ஸ்ட் ஜெனரேஷன் 911 என்ற இந்தப் புதிய முறை, பழைய தொலைபேசிக் கம்பியை விட்டு இணைய வழிக்கு மாறுகிறது. குரலோடு குறுஞ்செய்தி, படம், வீடியோ எல்லாம் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் நகரத்துக்காகப் போட்ட திட்டத்தை அப்படியே காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால், இவ்வளவு செலவுக்குப் பிறகும் பள்ளத்தாக்கில் கால் உடைந்து கிடப்பவரின் அழைப்பு வேறு யாரிடமாவது போய் நிற்கும்.

அழைப்பு எங்கே போகிறது என்று பார்க்காமல் வாங்குவது

பெரிய தவறு இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கைப்பேசியில் 911 அழைத்தால், எந்த கோபுரம் அந்த அழைப்பைப் பிடித்ததோ அதை வைத்தே எந்த அவசர அழைப்பு மையத்துக்கு அனுப்புவது என்று முடிவாவது நெடுநாள் வழக்கம். பூங்காவுக்குள் கோபுரங்கள் குறைவு. மலைமுகட்டில் நிற்பவரின் போன், எல்லைக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அழைப்பு அந்த ஊரின் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) மையத்துக்குப் போய்விடும். யெல்லோஸ்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங்கில், ஓரங்கள் மான்டானாவிலும் ஐடஹோவிலும். இப்படிப்பட்ட இடத்தில் அழைப்பு பக்கத்து மாநிலத்தில் ஒலித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கோபுரத்தை விட்டு, போன் இருக்கும் இடத்தை வைத்தே வழிகாட்ட வேண்டும் என்று கைப்பேசி நிறுவனங்களுக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024-ல் உத்தரவிட்டது. அது வந்தாச்சே, இனி என்ன கவலை என்று இருந்துவிடக் கூடாது. போனின் இடம் சீக்கிரம், போதிய துல்லியத்தோடு கிடைக்காவிட்டால் அமைப்பு மறுபடி கோபுர முறைக்கே திரும்பும். பாறைச் சுவர்களுக்கு நடுவே, அடர்ந்த மரங்களுக்குக் கீழே அந்த நிலை வரத்தான் செய்யும்.

அதனால் ஒப்பந்தம் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கூட்டம் கூடும் காட்சி முனைகள், பாதைகள் தொடங்கும் இடங்கள், முகாம்கள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு கைப்பேசி நிறுவனத்தின் சிம்மிலும், சம்பந்தப்பட்ட மையங்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, சோதனை அழைப்பு போட்டுப் பார்ப்பது. யார் எடுத்தார், திரையில் என்ன இடம் தெரிந்தது, பூங்காவுக்கு மாற்றிவிட எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவைப்பது. பல பூங்காக்களுக்கு இந்த ஒரு தாள், வாங்கவிருக்கும் மென்பொருளைவிடப் பயன்படும். மாற்றிவிடும்போது இடத் தகவலும் கூடவே போகிறதா, குரல் மட்டும்தான் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வரைபடத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

புதிய முறையில் அழைப்புக்கு வழி சொல்வதே ஜிஐஎஸ் எனும் கணினி வரைபடம்தான். பூங்காவின் எல்லைக்கோடும் கவுன்ட்டியின் எல்லைக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, நடுவே இடைவெளி விழுந்திருந்தாலோ, அந்தப் பட்டையிலிருந்து வரும் அழைப்பு அநாதைதான். இரண்டு தரப்பும் உட்கார்ந்து கோட்டை ஒத்துக்கொள்ள மாதங்கள் ஆகும். விற்பனைப் பிரதிநிதி இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

தவிர, நகரத்தில் கதவு எண் உண்டு. காட்டில் அது கிடையாது. பாலம், ஓடை கடக்கும் இடம், முகாம் எண், சாலையின் மைல் கல், மக்கள் புழங்கும் பட்டப்பெயர் எல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர், ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வாயில் ஒரு பெயர், பயணியின் செயலியில் இன்னொரு பெயர் என்றிருந்தால் மூன்றையும் ஒரே புள்ளியோடு இணைத்துவைக்க வேண்டும்.

ஆயத்தொலைவை, அதாவது இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, எழுதும் முறையும் ஒரு கண்ணிதான். அழைத்தவர் அட்சரேகையை “36 டிகிரி, 30.5 நிமிடம்” என்று படிக்கிறார். எடுத்தவர் அவசரத்தில் 36.305 என்று தட்டுகிறார். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் சரியான தசம எண் 36.508. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். தரையில் அது 22 கிலோமீட்டருக்கு மேல். ஹெலிகாப்டர் வேறு மலைக்குப் போய்விடும். அழைப்பு மையம், தரைக்குழு, விமானக்குழு மூன்றும் எந்த முறையில் எழுதும், எந்த முறையில் வாய்விட்டுப் படிக்கும் என்று முன்பே முடிவு செய்து, மென்பொருளையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது

2022 நவம்பரில் ஐபோன் 14-ல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வந்தபின், கோபுரம் இல்லாத இடத்துக்கும் விடை கிடைத்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. உண்மையிலேயே பெரிய உதவிதான். ஆனால் அந்தச் செய்தி இடையில் ஒரு தனியார் மையத்தின் வழியாக வரலாம். அங்கிருப்பவர் தன் பட்டியலைப் பார்த்து உள்ளூர் மையத்தை சாதாரண எண்ணில் அழைப்பார். கார்மின் இன்ரீச் போன்ற கையடக்க செயற்கைக்கோள் கருவிகளும் இடைமையம் வழியாகத்தான் வருகின்றன. ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் கருவியின் வழி வேறு: அமெரிக்க உள்நாட்டில் அது ஃபுளோரிடாவின் டின்டால் விமானப்படைத் தளத்திலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும்.

ஆக, பூங்காவின் 24 மணி நேர எண்ணும் எல்லை வரைபடமும் இவர்கள் எல்லாரிடமும் சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. எண் மாறினால் தெரிவிக்கும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். செலவே இல்லாத வேலை, அதனாலேயே விட்டுப்போகிறது.

விடுதி போன்களை மறப்பது

2013-ல் டெக்சாஸ் மோட்டல் ஒன்றில், தாய் தாக்கப்பட்டபோது 9 வயதுச் சிறுமி நான்கு முறை 911 அழுத்தினாள். வெளி அழைப்புக்கு முன்னால் இன்னொரு 9 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. இதையடுத்து வந்த காரி சட்டம், அறை போன்களில் நேரடியாக 911 போக வேண்டும் என்கிறது. ஆனால் அது 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு விற்ற, நிறுவிய அமைப்புகளுக்குத்தான் பொருந்தும். பூங்காவின் பழைய லாட்ஜில் அதற்கு முந்தைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் இன்னும் ஓடலாம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று விட்டுவிடாமல், அறை அறையாகப் பார்த்துவிடுவது நல்லது. அழைப்பில் அறை எண் வருகிறதா, அலுவலக முகவரி மட்டும் வருகிறதா என்பதையும்தான்.

அழைப்போடு திட்டம் முடிந்தது என்று எண்ணுவது

அழைப்பு சரியாக வந்துவிட்டது, இடமும் தெரிந்துவிட்டது. சரி, ரேஞ்சருக்கு எப்படிச் சொல்வது? ரேடியோவில்தான். மலையுச்சியில் சூரியத் தகட்டில் ஓடும், ரேடியோ சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்தான் அவரையும் மையத்தையும் இணைக்கிறது. பனி மூடினால், மின்னல் விழுந்தால், பேட்டரி கிழடானால் அதுவும் நின்றுவிடும். 911 அறைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு ரிப்பீட்டர் பேட்டரியை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைப்பது வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதை.

இணைய வழிக்கு மாறும்போது இன்னொன்று: “இரண்டு இணைப்பு இருக்கிறது” என்பார்கள். இரண்டு ஃபைபரும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் போகிறதா என்று கேளுங்கள். ஒரு நிலச்சரிவில் இரண்டும் போகும் என்றால் அது ஒரே இணைப்புதான். ஒன்றையாவது மைக்ரோவேவ் அலை அல்லது செயற்கைக்கோள் வழியில் வைக்க வேண்டும்.

ஆட்கள், பிறகு சோதனை

குரல் அழைப்பு நிலைக்காத பலவீனமான சிக்னலில்கூடக் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். அதனால் பூங்காவில் இது கட்டாயம் வேண்டும். ஆனால் எழுத்தில் உரையாடல் மெதுவாக நகரும். அழைப்பை எடுப்பவர் நெடுநேரம் அதில் மாட்டிக்கொள்வார். இரவில் ஒரே ஆள் இருக்கும் மையத்தில் அந்த நேரம் அடுத்த அழைப்பை யார் எடுப்பது? பக்கத்து மையத்தோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு இல்லாமல் இதைத் திறந்துவிடக் கூடாது. படம், வீடியோவும் அப்படியே: எத்தனை நாள் சேமிப்பது, யார் பார்க்கலாம் என்ற விதியை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

சோதனையைக் கூட்டமில்லாத மாதத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடும் பழக்கமும் உண்டு. அப்போது கோபுரம் காலியாக இருக்கும், எல்லாம் அருமையாக ஓடும். கோடை விடுமுறையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் வீடியோ ஏற்றும்போது ஓடுகிறதா என்பதே உண்மையான சோதனை. ஆகவே இறுதித் தொகையில் ஒரு பகுதியை உச்சப் பருவம் ஒன்று கடந்தபின் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதுவரை பழைய அமைப்பைக் கழற்ற வேண்டாம்.